சேதி எங்க நின்னு போகுது?

எங்க பக்கம் தண்டோரா போடறது காலனிக்காரன் வேலை. ஏரி ஏலமோ, வரி வசூலோ, அவன் தப்படிச்சிச் சொன்னா ஊர்த்தெரு மொத்தமும் நின்னு கேக்கும். அடிச்சவனோட சொந்தச் சேதியை எவன் கேட்டான்? 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசு தண்டோராவை நிறுத்தச் சொன்னது. இப்போது ஆளுக்கொரு செல்போன். இனி நம் சேதி தானாகப் பரவும் என்று தோழர்கள் பலர் நம்புகிறார்கள்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நடந்த ரெண்டு சேதியைப் பாருங்கள். ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. சேதி நாடெங்கும் ஓடியது. ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியரே வந்து நிற்க, அமிர்தம் கொடியேற்றினார். தோக்கமூரிலோ நம் சனங்களை மறித்துக் கட்டிய தீண்டாமைச் சுவர் வருசக்கணக்காய் நின்றது. 2022 அக்டோபரில்தான் இடித்தார்கள். கொடிக்கு அஞ்சு நாள், சுவருக்கு அத்தனை வருசம். சுவர் என்ன சின்னச் சேதியா? கொடிக்குச் சுதந்திர தினம் என்றொரு தேதி இருந்தது. சுவர் தினமும் நிற்கிறது. தினம் நடக்கிற கொடுமையை எவன் திரும்பிப் பார்க்கிறான்?

2012இல் லிலியன் வெங் என்பவரும் சக ஆய்வாளர்களும் ட்விட்டரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாச் சேதிக்கும் ஒரே மதிப்பு என்றே வைத்துக்கொண்டாலும் சிலது காட்டுத்தீயாய்ப் பரவும், மிச்சம் செத்துப்போகும். மனுசக் கவனம் கொஞ்சம்தான் என்பதும், யாருக்கு யாரோடு தொடர்பு என்பதுமே அதற்குப் போதும். ஆக, எடுபடாத சேதி மட்டமான சேதி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் விரல் மெஷினில் போன படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தவனுக்கு அரைமணி நேரம்தான் கண் முழித்திருக்கும். குட்மார்னிங், சினிமா, கல்யாணப் பத்திரிகை என்று வந்து குவிந்ததில் படம் மேலே போய்விட்டது. "பாக்கலியேண்ணா" என்றார்கள் மறுநாள். பன்னெண்டு மணி நேரம் உழைச்ச கண்ணு, அதை என்ன சொல்ல?

கண் அசருவது எல்லாருக்கும் பொது. தொடர்பு பொதுவில்லை. நம் குழுவில் நாம், ஊர்க்காரர் குழுவில் அவர்கள். போனுக்குள்ளும் ஊர் வேறு, சேரி வேறுதான். நம் சேதி நமக்குள்ளேயே சுற்றி அடங்குகிறது.

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். வாரப் பத்திரிகை. ஒரு வாரம் பார்க்காதவன் கண்ணில் மறுவாரம் படும். தோக்கமூர் சுவரையும் மனுவும் போராட்டமுமாய்த் திரும்பத் திரும்பத்தான் தள்ள வேண்டியிருந்தது. நாளைக்குப் பத்துச் சேதி அனுப்பி நம்ம சேதியை நாமே மூட வேண்டாம். ஒன்றை எடுப்போம். அது முடியும்வரை அதையே சொல்வோம். சேரிக்கு வெளியே ஒரு ஆளிடமாவது நேரில் போய்ச் சொல்வோம்.