அரிதாள் வயல்

கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைப் பக்கம் செல்லும்போதெல்லாம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலக் கவிதை படித்த நாட்கள் ஏனோ என் நினைவில் வந்து நிற்கின்றன. வேர்ட்ஸ்வர்த் கண்ட டாஃபடில் மலரை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. மஞ்சள் பூ என்று ஆசிரியர் சொன்னதைக் கொண்டு, எங்கள் வேலியோரத்துப் பூவரசம்பூவையே அந்த ஏரிக்கரை நெடுகிலும் மலரவிட்டு, பரீட்சையிலும் தேறினோம். 1802 ஏப்ரலில் தங்கை டொரதியுடன் நடந்து சென்றபோது அக்கவிஞர் கண்ட காட்சி, முதலில் அவளுடைய நாட்குறிப்பில் இடம்பெற்று, ஈராண்டு கழிந்த பின்னரே கவிதையாயிற்று என்பதைப் பின்னாளில் அறிந்தபோதுதான், காண்பது வேறு, கண்டதை உள்ளத்தில் ஊறவைத்து அனுபவிப்பது வேறு என்பது எனக்கு ஒருவாறு விளங்கிற்று.

ஆயினும், அத்தகைய ரசனை எங்கள் வட்டைக்குள் நுழைவதானால் செருப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். மாரிப் போகத்துப் பயிர் கதிர் தள்ளி, காற்றுக்கு அலையலையாய் அசைந்த ஒரு காலைப்பொழுதில், அந்தச் சௌந்தரியத்தில் என்னை மறந்து நின்றிருந்தேன்.

"வரம்பில நிண்டு என்னத்த மகன் பாக்காய்?" என்றார் வாப்பா.

சொன்னேன். அவர் ஒரு நெல்லை உருவி, நகத்தால் நசுக்கிப் பால் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "காத்து இப்பிடி அடிச்சா எல்லாம் சாஞ்சிரும்" என்றார்.

வேர்ட்ஸ்வர்த்தின் கவிதையில் தனியே கதிரறுக்கும் மலைநாட்டுப் பெண் பாடியது அவருக்கு விளங்காத மொழியில். அவளைக்கூட அவர் நேரில் கண்டு எழுதவில்லை, நண்பர் தாமஸ் வில்கின்சனின் பயணக் கையெழுத்துப் பிரதியில் வந்த ஒரு வாக்கியமே அதற்கு வித்து. பெரியநீலாவணையில் 1931இல் பிறந்த கவிஞர் நீலாவணனுக்கோ வெட்டும் சூடடிப்பும் வீட்டுப் பேச்சு. அவர் மறைந்து ஏழாண்டின் பின், 1982இல் நூலான 'வேளாண்மை'க் காவியம் வயலுக்குள் நின்று பாடப்பட்டது. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் எனக்கு நாட்டமில்லை; எங்கள் ஊர்க்காரனுக்கு எது நெருக்கம் என்பதில் ஐயமுமில்லை.

கீட்ஸின் விஷயம் சற்று வேறு. 1819 செப்டம்பர் 19ஆம் திகதி வின்செஸ்டரில் உலாவச் சென்ற அந்த 23 வயது இளைஞர், அறுவடை முடிந்த வயலைக் கண்டு, வசந்தத்தின் குளிர்ந்த பசுமையைவிட அந்த அரிதாள் நிலமே தமக்கு இதமாயிருப்பதாக நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதினார்; அவருடைய இலையுதிர்காலக் கவிதை அந்த உலாவில் பிறந்ததே. இதைப் படித்த அன்றுதான் வாப்பாவை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை என்று பட்டது. சூடு மிதித்து, நெல் தூற்றி, மூட்டைகள் வண்டியேறி, கடன்காரனின் பங்கும் போன பிறகு, பங்குனி மாதத்து அந்தியொன்றில் அவர் வட்டைக்குப் போவார். அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இராது. எருமைகள் தாளை மேய, அவற்றின் பின்னால் கொக்குகள் நடக்க, மொட்டையாய்க் கிடக்கும் அந்த வெளியை மஃரிபு நெருங்கும்வரை வரம்பில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எழும்பும்போது, வெட்டுக்காரர் தவறவிட்ட கதிரொன்றைப் பொறுக்கிச் சாரன் மடியில் செருகிக்கொண்டார்.