நூல் அளந்த தூரம்

2019ஆம் ஆண்டில், யான் எட்டாம் வகுப்பிற் பயின்ற காலத்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிற் செவிலியாயிருந்த என் தமக்கைக்கு இலண்டனில் வேலை கிடைத்தது. செல்லும் வழியில் மதுரைக்கு வந்து நான்கு நாளேனும் தங்குவாள் என்று எங்கள் அன்னை எண்ணியிருந்தார். விடுப்போ கிட்டவில்லை. 2018 மார்ச்சு மாதத்தில் தொடங்கிய, இடையில் எங்கும் இறங்காத விமானத்தில் நேரே செல்வதாக அவள் தெரிவித்தாள். தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். பயணமோ 17 மணி நேரம்.

“எந்த வழியாகப் போவாள்?” என்று அன்னை வினவினார். சுவரிலிருந்த உலகப் படத்தில் அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். கோடு அரபிக்கடலின்மேற் சென்றது. அன்னையின் முகம் வாடிற்று.

மறுநாள் இதனைப் பூகோள ஆசிரியரிடம் கூறினேன். அவர் முறுவலித்து, பூமியுருண்டையை எடுத்து, அவ்விரு நகரங்களுக்குமிடையே ஒரு நூலை இறுகப் பிடிக்கச் சொன்னார். தட்டையான படத்தில் நேராகத் தோன்றும் வழி, உருண்டையான பூமியிற் குறுகிய வழியன்று என்பதை அன்றே கண்டேன். நூல் கண்டியை ஒட்டிக் கடல் கடந்து, மதுரையின் மேலே சென்றது! பெர்த்திலிருந்து நம்மூர் 6,100 கிலோமீட்டர். அப்பால் இலண்டன் 8,400. “ஆயினும், காற்றையும் வான்வெளி அனுமதியையும் நோக்கி விமானிகள் வழியை மாற்றுவதுண்டு, தம்பி” என்றார் ஆசிரியர்.

அவர் பழஞ்செய்தியொன்றும் உரைத்தார். போர்க்காலமாகிய 1943 முதல் 1945 வரை, பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்குக் கடல் விமானங்கள் பறந்தனவாம். ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் கடக்க 27 முதல் 33 மணி நேரம் சென்றது; பயணிகள் ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதிக்கக் கண்டனர். பகைவர் அறியாதிருக்கும்பொருட்டு வானொலியும் வாய்மூடியிருந்தது. அவர்களுடைய அன்னையர் எவ்வாறு பொறுத்திருந்தனரோ!

நூல் சென்ற வழியை மட்டும் அன்னையிடம் கூறினேன். “மெய்தானா? நம் தலைக்கு மேலேயா போவாள்?” என்றார்.

தமக்கை புறப்பட்ட அன்று, ஏழு மணி நேரம் கணக்கிட்டு, நள்ளிரவை அடுத்து இருவரும் மாடியில் நின்றோம். தென்கிழக்கே ஒரு சிறு விளக்குத் தோன்றி நகர்ந்தது. அஃது எவ்விமானமோ, யானறியேன். அது மறையுமளவும் நோக்கியிருந்த அன்னை, “சாப்பிட்டிருப்பாளா?” என்று மட்டும் கேட்டார். “சாப்பிட்டிருப்பாள், அம்மா” என்றேன்.

மறுநாள் இலண்டனிலிருந்து தமக்கை பேசினாள். அந்நேரத்தில் அவள் உறங்கிக்கொண்டிருந்தாளாம். “உறங்கினாளே, அது போதும்” என்றார் அன்னை.

இன்று பாலைத்திணைப் பாடல்களைப் பயிலுந்தோறும் அந்த மாடியே என் நினைவிற்கு வருகிறது. பிரிந்தவர் செல்லும் வழியைப் பின்நின்றோர் மனத்தால் நடந்து பார்ப்பது அன்றும் இன்றும் ஒன்றே. ஆசிரியர் கூறிய பிற்பகுதியை அன்னையிடம் இன்னும் யான் சொல்லவில்லை. இதனைப் படிக்கும் நண்பர்கள் எங்கள் இல்லத்திற்கு வர நேரின், அவர்களும் சொல்லாதிருக்க வேண்டுகிறேன்.