பழைய பஞ்சு

எங்கள் அல்லிநகரம் வீட்டில் தாத்தாவுக்கென்று ஒரு மெத்தை நாற்காலி இருந்தது. தேக்குச் சட்டம், மெரூன் ரெக்சின், உள்ளே இலவம் பஞ்சு. போடிப் பக்கம் இலவ மரத்துக்குக் குறைவில்லை. பங்குனி, சித்திரையில் காய் வெடித்தால் ரோட்டோரமெல்லாம் பஞ்சு பறக்கும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை அம்மா மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் காயப்போட்டு, உதறி, மறுபடி அடைத்துத் தைப்பார். ஆனாலும் இடது பக்கம் மட்டும் மறுபடி பள்ளமாகிவிடும். தாத்தா அந்தப் பக்கம் சாய்ந்துதான் ரேடியோ கேட்பார். அவருக்குப் பிறகு அப்பாவும் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்பா போன மறுவருசம் அதைப் புதுசாக்கலாம் என்று கடையில் கொடுத்தேன். ஃபோம் வைத்து, சாம்பல் நிறத் துணி போட்டு, ஜம்மென்று வந்தது. அம்மா உட்காரவில்லை. கையால் அழுத்திப் பார்த்தார்.

"உள்ள இருந்த பஞ்சு எங்கப்பா?"

"கழிச்சுப் போட்டாங்கம்மா."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு ஆன்சைட் வேலையாக லண்டன் போயிருந்தபோது, கென்ட்டில் உள்ள நோல் மாளிகையைப் பார்க்கப் போனேன். 1946 முதல் அது நேஷனல் டிரஸ்ட்டின் பொறுப்பில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு அரண்மனைகளில் கிடந்த நாற்காலிகளும் சோபாக்களும் அங்கே வரிசையாக நிற்கின்றன. அரண்மனைக்கு வேண்டாதவற்றை எடுத்துக்கொள்வது மூன்றாம் வில்லியம் மன்னரின் அரண்மனை அதிகாரியாக இருந்த டார்செட் பிரபுவுக்குப் பதவியோடு வந்த உரிமை. வெல்வெட் நைந்து, சரிகை கறுத்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் சாயம் போகும் என்று அறையையே இருட்டாக வைத்திருக்கிறார்கள்.

2017இல் திறந்த பராமரிப்புக் கூடமும் அங்கேயே இருக்கிறது. நைந்த துணிக்கு அடியில் வேறு துணி கொடுத்து, மெல்லிய நூலால் தைத்து நிறுத்துகிறார்கள். அந்தக் கால நாற்காலிகளில் குதிரை மயிரையும் வைக்கோலையும் அடைத்திருப்பார்கள். அதையும் முடிந்தவரை வெளியே எடுப்பதில்லை. யார் உட்கார்ந்து அமுங்கியதோ, அந்த அமுக்கமும் நாற்காலியில் சேர்த்திதான் என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு வேலையில் பழைய கோடை அழிக்கும் முன் பேக்கப் எடுக்கத் தெரியும். வீட்டில் ஏன் தோன்றவில்லை?

ஊருக்குத் திரும்பியதும் போடியிலிருந்து மூன்று கிலோ இலவம் பஞ்சு வாங்கிவந்தேன். ஃபோமை எடுத்துவிட்டு, அம்மாவே அடைத்துத் தைத்தார்.

"இது புதுப் பஞ்சுதானம்மா," என்றேன்.

"நீ உக்காரு. பத்து வருசத்துல பழசாயிரும்."