பழகுநர் என்ற சொல்லும் சட்டமும்

இந்தியத் தொழிலாளர் சட்டங்களில் ஓர் அடைப்புக்குறி கவனிக்கத்தக்கது. தொழிலாளர் என்பவர் யார் என்பதை வரையறுக்கும்போது, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் ‘பழகுநர் உட்பட’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொண்டது. அதற்கு மாற்றாக 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், அதே இடத்தில், 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின்கீழ் வருவோரை ‘நீங்கலாக’ என்று விலக்குகிறது. ‘உட்பட’ இருந்த இடத்தில் ‘நீங்கலாக’ வந்துவிட்டது. ஆனால் இம்மாற்றம் 2020-இல் திடீரென நிகழ்ந்ததன்று. பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர், தொழிலாளர் குறித்த சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு முன்பே கூறிவிட்டது. இந்தியத் தொழிற்பழகுநர் முறை முழுவதும் இந்த ஒரு வரையறையின் மேல்தான் நிற்கிறது.

முறை இயங்கும் விதம் இது. பத்தாம் வகுப்பு முடித்த ஒருவர் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்கிறார். 1950-இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் இந்நிலையங்கள் இன்று நாடெங்கும் 14,000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பான்மை தனியாருடையவை. வெல்டர் பிரிவுக்கு ஓராண்டு, ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்கு ஈராண்டு. அகில இந்தியத் தொழில்தேர்வில் வென்றால் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். அதன்பின் தொழிற்சாலையொன்றில் பழகுநராகச் சேரலாம். அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் எழுதப்படும். அவர் வயது நிரம்பாதவர் எனில் பெற்றோரோ காப்பாளரோ கையொப்பமிட வேண்டும். ஒப்பந்தம் அரசிடம் பதிவு செய்யப்படும். பயிற்சிக் காலம் முடிந்ததும் மற்றுமொரு தேர்வு, மற்றுமொரு சான்றிதழ். பட்டயமோ பட்டமோ பெற்றவர்களின் பயிற்சியைச் சென்னை, மும்பை, கொல்கத்தா, கான்பூர் ஆகிய நான்கு நகரங்களில் உள்ள வாரியங்கள் வழியாகக் கல்வி அமைச்சகம் கவனிக்கிறது, ஐ.டி.ஐ. முடித்தோர் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் வருகின்றனர்.

நிறுவனங்களுக்கு இது விருப்பம் மட்டுமன்று, கடமையும் ஆகும். 2019-ஆம் ஆண்டு விதித்திருத்தத்தின்படி முப்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை அமர்த்த வேண்டும். 2016-இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், அரசே ஏற்கும் என்றது.

பழகுநரைத் தொழிலாளர் அல்லர் எனச் சொல்வதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. கற்பவரையும் உழைப்பவரையும் ஒரே தட்டில் நிறுத்தினால் கற்பிக்க எந்த முதலாளியும் முன்வரமாட்டார் என்பது ஒரு வாதம். முதல் சில மாதங்களில் பழகுநரால் நிறுவனத்துக்கு ஆதாயத்தைவிடச் செலவே மிகுதி. பொருள் வீணாகும், மூத்த தொழிலாளியின் நேரமும் போகும். எனவே சட்டம் ஒரு பேரத்தை முன்வைக்கிறது: பழகுநர் முழு ஊதியத்தையும் தொழிலாளர் உரிமைகளையும் விட்டுக்கொடுப்பார், நிறுவனம் ஈடாகத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும். உடல்நலம், பாதுகாப்பு, விபத்து இழப்பீடு ஆகிய பாதுகாப்புகள் மட்டும் அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை.

பேரத்தின் ஒரு பக்கம் துல்லியமாக அளக்கப்பட்டிருக்கிறது. 2014-க்குப் பின் சில ஆண்டுகள் உதவித்தொகை, ஓரளவு திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியோடு பிணைக்கப்பட்டிருந்தது: முதலாண்டில் அதில் 70 விழுக்காடு, அடுத்த ஆண்டுகளில் 80, 90. கூலி உயர்ந்தால் இதுவும் உயரும். 2019-இல் அந்தப் பிணைப்பு அறுக்கப்பட்டது. கல்வித் தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிலையான தொகை வந்தது, ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு 7,000. பழகுநர் விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பதை இவ்வாறு ரூபாய்க் கணக்கில் சொல்லிவிடலாம்.

மறுபக்கத்துக்கு அத்தகைய அளவுகோல் இல்லை. பயிற்சியின் முன்னேற்றத்தைப் பதிவு செய்து வைக்க நிறுவனம் கடமைப்பட்டது என்கிறது சட்டத்தின் 19-ஆவது பிரிவு. ஆனால் அந்தப் பதிவேட்டை யார், எத்தனை முறை, எந்தக் கண்ணோடு படிக்கிறார்கள் என்பதில்தான் முறையின் உயிர் இருக்கிறது. ஃபிட்டர் படித்த ஒருவர் ஓராண்டு முழுவதும் ஒரே வரிசையில் நின்று ஒரே திருகை முடுக்கிக்கொண்டிருந்தாலும், வருகைப் பதிவேட்டின்படி அவர் பயிற்சி பெற்றவரே. வேலை நேரத்தை நிறுவனமே வகுத்துக்கொள்ள 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. சட்டமீறலுக்கு இருந்த சிறைத்தண்டனையையும் நீக்கி அபராதத்தை மட்டும் நிறுத்தியது.

மொழிகள் இந்த மனிதரை அழைக்கும் விதமும் எண்ணத்தக்கது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இந்திப் பெயரில் வரும் சொல் ‘ஷிக்ஷு’. கல்வியைக் குறிக்கும் ‘ஷிக்ஷா’வோடு ஒரே வேரில் பிறந்தது அது; தொழில் என்ற குறிப்பே அதில் இல்லை. தமிழ் வழக்கு ‘தொழிற்பழகுநர்’ என்கிறது. பழகுதல் என்பது செய்து செய்து கைவரப் பெறுவது. நடை பழகும் குழந்தை உண்மையில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தொழில் பழகுபவரும் உண்மையில் தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறார். கற்றலையும் உழைத்தலையும் ஒரே வினையில் அடக்கிய இச்சொல், இரண்டையும் பிரித்து நிறுத்தும் 18-ஆவது பிரிவைவிடத் தொழிற்கூடத்தின் நடப்புக்கு நெருக்கமானது.

பயிற்சி முடிந்தவுடன் இந்த முரண் வெளிப்படையாகிறது. பழகுநருக்கு வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. பிற தகுதிகள் சமமாயின் பயிற்சி பெற்றவருக்கு நேரடி விண்ணப்பதாரரைவிட முன்னுரிமை தர வேண்டும் என்று 1995-இல் உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. நியமனத்துக்கான தம் கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. ரயில்வே கடைநிலைப் பணிகளில் 20 விழுக்காட்டைத் தன்னிடம் பயின்றோருக்கு ஒதுக்கியது. அது போதாது என்று, 2018 மார்ச் 20 காலையில் பழகுநர் பயிற்சி முடித்த இளைஞர்கள் மும்பையில் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் இடையே தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். புறநகர் ரயில்கள் மணிக்கணக்கில் நின்றன. நகரத்துக்கு அது போக்குவரத்து நெரிசல். அமர்ந்தவர்களுக்கோ, பணிமனையில் கழித்த காலம் எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வி.

அனைவருக்கும் வேலை என்பது ஒரு பயிற்சித் திட்டம் தரக்கூடிய வாக்குறுதி அன்று. ஆனால் ‘இவர் தொழிலாளர் அல்லர், கற்பவர்’ என்று அரசு சொல்லும்போது, கற்றல் நடந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அரசுக்கே சேர்கிறது. பழகுநர் எந்தெந்த எந்திரங்களில் எத்தனை நாள் நின்றார், யார் கற்பித்தார், எது கைவந்தது என்பவற்றை நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். பழகுநரைத் தனியே கேட்கவும் வேண்டும். கற்றல் நிகழவில்லை என்று தெரிந்தால், அந்த மாதங்களுக்கு அவரைத் தொழிலாளராகவே கருதி உரிய கூலியை வழங்கச் செய்ய வேண்டும். உதவித்தொகையை உயர்த்துவது குறித்த விவாதங்கள் அவ்வப்போது நடக்கின்றன, அவை தேவையானவை. அவற்றோடு, கற்பித்தல் நிகழாத இடத்தில் 18-ஆவது பிரிவின் விலக்கும் செல்லாது என்ற ஒரு வரி சட்டத்தில் சேருமானால், ஏழாயிரம் ரூபாய்க்கு ஓராண்டைக் கொடுக்கும் இருபது வயது இளைஞருக்கு அந்தப் பேரம் நேர்மையானதாக இருக்கும்.