பச்சை வாசனை போகும்வரை

"யூ ஆர் ஸ்மெல்லிங், மேடம்!"

சொல்ல வந்தது பாராட்டு. திருநாவலூரில் பிறந்து, கல்யாணமாகி மெல்பர்னுக்குப் போனவர், லிஃப்டுக்குள் லாவெண்டர் மணக்க வந்து நின்ற சக ஊழியரிடம் "கமகமன்னு இருக்கீங்க" என்பதை இப்படி ஆங்கிலமாக்கினார். அந்த அம்மாளின் முகம் போன போக்கில்தான் தப்பு புரிந்தது. கூடவே ஒரு 'நைஸ்' இல்லாவிட்டால் ஸ்மெல் என்பது நாற்றம்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டே எடுத்தார். காபிக்கும் சுட்ட ரொட்டிக்கும் அரோமா. பூவுக்கும் சோப்புக்கும் ஃப்ரேக்ரன்ஸ். ஓடர் என்றால் சாக்கடை, அக்குள், அல்லது ஆய்வுக்கூட அறிக்கை. சென்ட்தான் ரொம்பக் குழப்பியது. ஊரில் அது கல்யாண வீட்டுச் சட்டையில் அடித்துக்கொள்வது. அங்கே போலீஸ் நாய் மோப்பம் பிடித்துப் போவதும் அதைத்தான். பெரியசெவலை சர்க்கரை ஆலையைப் பஸ் தாண்டும்போது அடிக்கிற வாடையை இதில் எதில் சேர்ப்பது? சேர்க்க முடியவில்லை.

ஆங்கிலத்தைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. சங்கிடம் திருமாலின் வாய்மணத்தை விசாரித்த ஆண்டாள் 'நாறு' என்ற வினையைத்தான் எடுத்தாள். இன்று பூக்காரம்மாவிடம் "உங்க பூ நாறுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட முடியுமா? ஸ்டிங்க்குக்கும் இதே கதிதான். பழைய ஆங்கிலத்தில் அது நல்ல மணத்துக்கும் பொது. ரீக் முதலில் வெறும் புகை. பெர்ஃப்யூமுக்குள்ளும் லத்தீன் புகைதான் இருக்கிறது, ஆனால் அது பிழைத்துக்கொண்டது.

மண்வாசனைக்காவது ஆங்கிலத்தில் சொல் இல்லை என்று நினைத்திருந்தார். இருக்கிறது: பெட்ரிகோர். 1964-இல் 'நேச்சர்' இதழில் அதை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் ஜாய் பேரும் ரிச்சர்ட் தாமஸும். வறண்ட நாளில் செடிகளிலிருந்து வரும் எண்ணெய் மண்ணிலும் பாறையிலும் ஊறிக் கிடந்து, ஈரம் பட்டதும் கிளம்புகிறது என்றார்கள். கல்லுக்கும், தேவர்களின் உடலில் ஓடும் குருதிக்கும் உள்ள கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அழகான சொல்தான், டிராமில் யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

லிஃப்டில் முகம் சுளித்த அதே அம்மாள் ஒருநாள் சாம்பார் செய்முறை கேட்டார். புளித்தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதிக்க வேண்டும் என்ற இடத்தில் பேனா நின்றது. 'ரா ஸ்மெல்' என்று எழுதிக் கொடுத்தார்.

"அது எப்படி இருக்கும்?"

விளக்க வரவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, அடுப்புப் பக்கத்தில் நிறுத்தினார். கொதி வந்ததும் ஒருமுறை, பத்து நிமிஷம் கழித்து ஒருமுறை முகர்ந்து பார்த்த அம்மாள், தாளை வாங்கி 'ரா ஸ்மெல்' என்பதை அடித்துவிட்டு, 'பச்சை வாசனை' என்று ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்.