தேய்த்து அழித்த வட்டம்

என் டால்பின் காரைப் பார்க்க வந்த எல்லோரிடமும், அது சோழவரம் பந்தயத்தில் ஓடிய வண்டி என்று சொல்லியிருக்கிறேன். அது ஓடியதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது. அதை அடைத்தவன் நான்தான்.

இன்றைய இளைஞர்கள் டால்பினைப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் ரிலையன்ட் நிறுவனம் 'கிட்டன்' என்று விற்ற சின்னஞ்சிறு காரை, 1982-இல் பெங்களூருவின் சன்ரைஸ் ஆட்டோ நிறுவனம் இங்கே டால்பினாகக் கொண்டுவந்தது. இரண்டே கதவு, 848 சிசி அலுமினிய எஞ்சின், இரும்புச் சட்டத்தின் மேல் ஃபைபர் உடல். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் குடும்பக்காரர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பந்தயக்காரர்கள் மட்டும் டால்பினை விடவில்லை. எடை அவ்வளவு குறைவு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் அது சீறிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எனக்கு விற்றவர், தனக்கு முன்பு வைத்திருந்தவர் அதைப் பந்தயத்தில் ஓட்டியதாகச் சொன்னார். ஆர்.சி. புத்தகத்தில் பழைய சென்னை முகவரி இருந்தது. நேரில் போய்க் கேட்டிருக்கலாம். பெயின்ட் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

ஃபைபரில் விழுந்த துளையை உட்புறம் ஃபைபர் மேட் வைத்து, ரெசின் பூசித்தான் அடைப்பார்கள். வெளியே பட்டி போட்டு எவ்வளவு வழவழப்பாக்கினாலும் உள்ளே அந்தத் திட்டு அப்படியே நிற்கும். என் வண்டியின் பானெட்டுக்கு அடியில் அப்படி இரண்டு திட்டுகள் இருந்தன. ஓடும்போது பானெட் திறந்துகொள்ளாமலிருக்கப் பந்தய வண்டிகளில் துளையிட்டுப் பூட்டுப் பின் மாட்டுகிற இடம் அது. கதவைத் தேய்த்தபோது மேல் பெயின்டுக்கு அடியில் வெள்ளை வட்டம் ஒன்றின் விளிம்பு தெரிந்தது. பந்தய எண்ணை அப்படியொரு வட்டத்துக்குள்தான் எழுதுவார்கள். பட்டறைப் பையன்தான் முதலில் பார்த்தான்.

"சார், உள்ள ஏதோ இருக்கு. நிறுத்தட்டுமா?"

"தேய்ப்பா" என்றேன்.

ஃபைபரின் மேல்பூச்சான ஜெல்கோட் தெரியும்வரை தேய்த்தான். பானெட்டின் அடியில் புது மேட் ஒட்டிக் கறுப்பு அடிக்கச் சொன்னதும் நான்தான். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. சட்டைப் பையில் போன் இருந்தது.

பழைய கார் கண்காட்சித் தேதி நெருங்கிவிட்டது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் உள்ளுக்குள் இருந்தது பயம். வட்டத்துக்குள் எண் இல்லாமல் ஏதோ கடை விளம்பரம் இருந்துவிட்டால்? பெருமையாகச் சொல்ல இருந்த கதை கைவிட்டுப் போய்விடும். தடயத்தை அழித்துவிட்டால் யாராலும் மறுக்க முடியாது. அதற்காகவே அழித்தேன்.

கண்காட்சியில் வண்டிக்கு முன்னால் வைத்த அட்டையில் 'சோழவரம்' என்று எழுதியிருந்தேன். அந்தக் காலத்தில் பந்தயம் பார்க்கப் போன பெரியவர் ஒருவர் கதவைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். எனக்குத் தெரியாததைத் தெரிந்தமாதிரி அவரிடமும் சொன்னேன். பட்டறைப் பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

அட்டையை எடுத்துவிட்டேன். சென்னை முகவரிக்கும் போய்ப் பார்த்தேன். அந்த வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது; பழையவர்களைத் தெரிந்தவர் யாருமில்லை.

எண்பதுகளில் சோழவரத்தில் எடுத்த படங்கள் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், அவற்றில் டால்பின் எங்காவது நின்றால், தயவுசெய்து காட்டுங்கள். அது என் வண்டி இல்லை என்று தெரியவந்தாலும் சரி. பழைய ஃபைபர் வண்டி வாங்கியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உப்புத்தாளை எடுப்பதற்கு முன் பானெட்டின் அடியையும் கதவின் உட்புறத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.