அக்காவின் நிலா ஸ்டாம்ப்

உங்கள் வீட்டில் ஸ்டாம்ப் சேர்க்கிற பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் அடுப்படி வேலை முடிந்ததும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இதைப் படித்துவிடுங்கள், சகோதரிகளே. நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

என் கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், காய்கறிக்கார அம்மா தெலுங்கு பேசுவார், பால்காரர் கன்னடம் பேசுவார், நான் இரண்டுக்கும் தலையாட்டுவேன். மனம்விட்டுப் பேச ஆளில்லாத அந்த நாட்களில், அமெரிக்காவிலிருந்து அக்கா எழுதும் கடிதங்கள்தான் எனக்குத் துணை. போனில் முகம் பார்த்துப் பேசும் வசதி வந்த பிறகும், பொங்கலுக்குப் பொங்கல் மைப்பேனாவால் எழுதி அனுப்புவதை அவள் விடவில்லை. கவரை ஒட்டிய பிறகு எதாவது ஞாபகம் வந்துவிடும். அதைப் பின்பக்க மடிப்பின்மேல் ஒரு வரியாகக் கிறுக்கியிருப்பாள். மூன்று வருஷத்துக்கு முன் அக்கா போய்விட்டாள். கடிதங்களைக் கவரோடு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

சின்னவன் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் தபால்தலை ஆல்பம் கேட்டார்கள். மாமனாரின் பழைய கடிதக்கட்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் 1973-ல் வந்த ராஜாஜி ஸ்டாம்ப் இருந்தது. "இதோ பக்கத்துத் தொரப்பள்ளியிலே பிறந்தவர்டா" என்றேன். ஓரத்தில் விரலளவு காகிதம் விட்டு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டோம். கால் மணி நேரத்தில் தானாக நழுவி வந்துவிட்டது. பையனுக்கு ஒரே குஷி.

மறுநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள், அக்காவின் கவர் ஒன்று முழுசாகத் தண்ணீர் மக்கில் மிதந்தது! 2016-ல் அமெரிக்காவில் வெளியிட்ட வட்ட ஸ்டாம்ப், முழுநிலாப் படம் போட்டது. அதன் அழகுதான் அவனை இழுத்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஊறியும் ஸ்டாம்ப் அசையவில்லை. மடிப்பின்மேல் அக்கா எழுதியிருந்த வரியோ நீலமாகத் தண்ணீரில் கரைந்து கிடந்தது. வரவேண்டியது வரவில்லை, போகக்கூடாதது போய்விட்டது. முதுகில் ஒன்று வைத்தேன். ராத்திரி சாப்பாடு பரிமாறும்போதுகூட அவனோடு பேசவில்லை.

மறுநாள் காலை நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே அடுப்பில் பால். என்னவோ நெடி அடிக்கிறதே என்று ஓடிவந்தேன். கதவுக்குப் பெயிண்ட் அடித்து மிஞ்சிய தின்னர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, எரிகிற அடுப்புக்கு நாலடி தள்ளி, பஞ்சும் கையுமாக நிற்கிறான் பையன்! அவனை அப்படியே வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் எனக்கு மூச்சே வந்தது.

"ஸ்டாம்பையாவது முழுசா எடுத்துக் குடுத்தா நீ பேசுவேன்னு நினைச்சேம்மா" என்று தேம்பினான்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. கடிதத்துக்காகப் பிள்ளையைப் பறிகொடுக்க இருந்தேனே!

அன்று மாலை அவனை அடுத்த தெருப் பெரியவரிடம் கூட்டிப் போனேன். தபால் இலாகாவில் ரிட்டையரானவர், கன்னடக்காரர், அந்தக் காலத்து ஸ்டாம்ப் பிரியர். கவரைப் பார்த்ததும், "நோடம்மா, இது தண்ணிக்கு வராது. இதோட பசையே வேற" என்றார்.

ராஜாஜி ஸ்டாம்பில் இருப்பது நனைத்து ஒட்டுகிற கோந்து. தண்ணீர் பட்டால் இளகும். உரித்து ஒட்டும் ஸ்டாம்பில் இருப்பது ஸ்டிக்கர் பசை. இந்த ரகத்தை 1964-லேயே ஆப்பிரிக்காவின் சியரா லியோன், தன் நாட்டு வரைபடத்தின் வடிவத்தில் வெளியிட்டதாம். அமெரிக்கா 1974-ல் கிறிஸ்துமஸுக்கு ஒன்று போட்டுப் பார்த்தது. நாளாக ஆக அதன் பசை காகிதத்தில் ஊறிக் கறையாகிவிட்டது. பிற்பாடு, தண்ணீரில் கரையும் ஒரு பூச்சை நடுவில் வைத்தார்கள். 2000-க்குப் பிறகு அதையும் படிப்படியாக விட்டுவிட்டார்கள். அதனால்தான் நம் வீட்டு நிலா அசையவில்லை.

எடுத்தே ஆகவேண்டுமானால் அவர் சொன்ன வழி இது. பெரியவர்கள்தான் செய்யவேண்டும்; வெட்டவெளியில், நெருப்பே இல்லாத இடத்தில். கவரின் பின்பக்கக் காகிதத்தில் டர்பன்டைனைப் பஞ்சால் தொட்டு வைத்து, ஊறியதும் ஸ்டாம்பை இழுக்காமல் காகிதத்தை மெல்ல வளைத்து உரிக்கவேண்டும். பிசுபிசுப்பு மீதியிருந்தால் முகப்பவுடரைத் தூவித் தட்டிவிட வேண்டும். முதலில் வேண்டாத ஸ்டாம்பில் செய்து பார்ப்பது நல்லது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் கூடவே கூடாது. அச்சு மையையே கரைத்துவிடும்.

"ஆனா எதுக்கு எடுக்கணும்? ஓரத்திலே சமமா காகிதம் விட்டு வெட்டி ஒட்டிக்கோ. கையெழுத்தும் முத்திரையும் இருக்கிற கவரை வெட்டக்கூட வெட்டாதே. முழுக்கவருக்குத்தான் மதிப்பு" என்றார் பையனிடம்.

கோந்து ஸ்டாம்புக்கும் இரண்டு யோசனை சொன்னார். பழுப்பு, சிவப்புக் கவர் துண்டுகளைத் தனியாக ஊறவையுங்கள். சாயம் இறங்கி மற்றதைக் கெடுக்கும். நழுவி வந்ததை நல்ல தண்ணீரில் அலசி, அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தில் குப்புற உலர்த்தி, கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும்.

இன்னொரு நல்ல சேதியும் கிடைத்தது. ஸ்டாம்ப் சேர்க்கும் 6 முதல் 9-ம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, 2017-ல் தபால் துறை தீன் தயாள் ஸ்பர்ஷ் என்ற உதவித்தொகையைத் தொடங்கியது. தேர்வில் தேறினால் வருஷத்துக்கு 6,000 ரூபாய். உங்கள் ஊர்த் தலைமைத் தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அக்காவின் கவர் ஒன்று முழுசாக இருக்கிறது. கீழே பையன் கொட்டை எழுத்தில், 'என் பெரியம்மா எழுதியது' என்று எழுதியிருக்கிறான்.

மை கரைந்த கவரை நான் எறியவில்லை. அதில் அழிந்துபோன வரி எனக்கு மனப்பாடம். ஒரு சீட்டில் என் கையாலேயே எழதி உள்ளே வைத்துவிட்டேன்: 'உளுந்து வறுக்கும்போது அவசரப்படாதே, தீயைக் குறைச்சு வை.'